மூன்றாம் அறைக் கோழிகள்

டாக்டர்களில் படிக்கிற மாதிரி எழுதுகிறவர்கள் குறைவு. அந்த டாக்டரம்மாவைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துப்போனதற்கு அவருடைய கையெழுத்துதான் காரணம். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. ஒவ்வொரு எழுத்தும் தலைவாரிப் பவுடர் பூசிய பிள்ளை மாதிரி வரிசையில் நின்றது. மொத்தம் முப்பத்தொரு பெயர்கள். பெயருக்கு எதிரே வயது, எந்தப் பிரிவு, எத்தனை மாதமாக வேலை, என்ன தொந்தரவு.

முதல் பெயருக்கு எதிரே இப்படி இருந்தது: “ஒரு காலில் மட்டும் செருப்போடு உள்ளே வந்தார். இன்னொன்று வாசலில் கழன்று கிடக்கிறது. கழன்றது அவருக்குத் தெரியவில்லை.”

விசாரணைக்கு உட்கார்ந்ததும் ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். இதுதான் ஆரம்பம், அம்மா. பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அப்போது நான் தொழில் நல ஆய்வு மையத்தின் இயக்குநர். நாற்பது பேர் வேலை பார்த்த இடம். ஒரே சாலையில் மூன்று காலணித் தொழிற்சாலைகள், எட்டாயிரம் தொழிலாளர்கள், முக்கால்வாசி பெண்கள். அந்த முதலாளிகளின் சங்கம்தான் மையத்தை நடத்தியது. டாக்டரம்மா பெரிய தொழிற்சாலையின் டிஸ்பென்சரியில் இருந்தார். தலைவலி மாத்திரை, விரலில் வெட்டுக் காயம், விடுப்புச் சீட்டு, இவ்வளவுதான் அவர் வேலை. அதற்குள் உட்கார்ந்துகொண்டு அந்த நோட்டை எழுதியிருக்கிறார்.

“முப்பத்தொரு பேர்ல இருபத்தாறு பேரு பசை பூசற பிரிவு சார். முதல்ல கால் மரத்துப்போகுது, அப்புறம் கை. ஒருத்தி சட்டைப் பொத்தான் போட வரலைன்னு அழறா. அவளுக்கு இருபத்திரண்டு வயசு. போன வருஷம் பசையைக் கரைக்கப் புதுத் தின்னர் கொண்டுவந்தாங்க. அதுக்கு முன்னாடி இப்படி ஒருத்தர்கூட வரல.”

“மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். ‘நீங்க மாத்திரையக் குடுங்க, பசைய நாங்க பாத்துக்கறோம்’னாரு.”

நான் நோட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்தேன். மூடி அவரிடமே கொடுத்தேன். “நல்ல கேள்வி, டாக்டர். இதை முறையாச் செய்வோம்” என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. அதுவரை யாரும் அவரை உட்காரச் சொல்லிக்கூடக் கேட்டதில்லை.

மறுநாள் சங்கத்தின் செயலாளர் வந்தார். மரியாதைக்காரர்; குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. என் மேசையின் எதிரே உட்கார்ந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே பேசினார். பழைய பசை காய இருபது நிமிஷம், புதுத் தின்னர் கலந்தால் நான்கு நிமிஷம் என்றார். மூன்று தொழிற்சாலைகளும் அந்த நான்கு நிமிஷத்தை நம்பி வெளிநாட்டு ஆர்டர் எடுத்துவிட்டன என்றார்.

“இப்படி எதுவும் இல்லைன்னு நான் எழுதணுமா?” என்று கேட்டேன்.

“சேச்சே, டைரக்டர் சார். பொய்யெல்லாம் வேண்டாம். பொய் என்னைக்காவது மாட்டிக்கும். நீங்க நல்லா ஆராய்ச்சி பண்ணுங்க. எவ்வளவு வேணும்னாலும் பண்ணுங்க. எங்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைச்சாப் போதும்.”

பாதிப் பழத்தை எனக்குக் கொடுத்தார். சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது. இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு எண்ணைக்கூட மாற்றச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் மாற்றியதில்லை. எங்கள் மையத்திலிருந்து வந்த நாற்பத்து மூன்று கட்டுரைகளையும் உங்கள் நிபுணர்கள் எட்டு மாதமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். ஒரு கூட்டல் பிழை கிடைத்தது. அதுவும் அச்சகத்தின் பிழை.

எனக்குத் தெரிந்துகொள்ளும் ஆசை உண்டு. அது இல்லாதவன் இந்த வேலைக்கு வரமாட்டான். அதனால் யாரிடமும் சொல்லாமல் முதலில் ஒரு சின்னச் சோதனை செய்தேன். மையத்தின் பின்புறம் மூன்று அறைகள், அறைக்கு ஆறு கோழிகள். நரம்பு சம்பந்தப்பட்ட சோதனைக்குக் கோழி நல்ல பிராணி. மனிதக் காலுக்கு வருவது அதன் காலுக்கும் வரும். முதல் அறைக்கு வெறும் தண்ணீரின் ஆவி, இரண்டாம் அறைக்குப் பழைய தின்னரின் ஆவி, மூன்றாம் அறைக்குப் புதியது. பழுப்பு நிற பாட்டில்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும் ஒட்டியிருந்தேன். எந்த எண்ணில் எது என்ற பட்டியல் என்னிடம் மட்டும். பிராணிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு எதை எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியக்கூடாது. தெரிந்தால் அவர் கண் தப்பாகப் பார்க்கும். இது உலகம் முழுக்க உள்ள விதி.

பார்த்துக்கொண்டவரை எல்லோரும் கோழிக்காரர் என்றே கூப்பிடுவோம். பதினெட்டு வருஷமாக மையத்தில் பிராணிக் காப்பாளர். குள்ளமான மனிதர். பதிவேட்டில் தினமும் பென்சிலால் எழுதுவார். ஐந்தாவது வாரம் என் அறைக் கதவருகே வந்து நின்றார்.

“மூணாம் ரூம் கோழிங்க கட்டையில ஏற மாட்டேங்குது சார்.”

“எழுதி வைங்க” என்றேன்.

ஏழாவது வாரம் விரல்கள் மடங்கிவிட்டன என்று எழுதினார். ஒன்பதாவது வாரம் மறுபடி வந்தார். இந்தத் தடவை உள்ளேயே வந்துவிட்டார்.

“ஆறும் உக்காந்துருச்சு சார். தீனிய மூக்குகிட்ட கொண்டுபோய் வச்சாத்தான் கொத்துது. சாகவும் இல்ல. மத்த ரெண்டு ரூம்லயும் ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல.”

நான் போய்ப் பார்த்தேன். பத்து நிமிஷம் நின்றிருப்பேன். ஒரு கோழி எழுந்திருக்கச் சிறகால் தரையைத் தள்ளிப் பார்த்தது. பிறகு விட்டுவிட்டது.

அன்று மதியமே சோதனையை நிறுத்தினேன். நிறுத்தினேன் என்கிறேன், முடித்தேன் என்று சொல்லவில்லை. திட்டத்தில் பன்னிரண்டு வாரம் என்றிருந்தது, நடந்தது ஒன்பது வாரம். முடியாத சோதனைக்கு முடிவு கிடையாது, முடிவு இல்லாததை அறிவிக்க முடியாது. அதோடு அறைக்கு ஆறு கோழி என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. எந்தப் பத்திரிகையும் போடாது. எண்களின் பட்டியலை ஒரு உறையில் வைத்து ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, என் அலமாரியில் வைத்தேன். கிழித்துப் போட்டிருக்கலாமே என்று போன வாரம் கேட்டீர்கள். தரவுகளை அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இரண்டு நாள் கழித்து என் தங்கையை இடம் மாற்றினேன்.

இதை நீங்கள் கேட்காமல் விடமாட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். தங்கை நடுத் தொழிற்சாலையில் பசைப் பிரிவின் மேற்பார்வையாளராக ஆறு வருஷம் இருந்தாள். நான் மேனேஜருக்குக் கடிதம் எழுதி, அவளுக்கு மூச்சுத் தொந்தரவு, ஆபீஸ் பக்கம் போட்டால் நல்லது என்றேன். ஒரு வாரத்தில் வருகைப் பதிவு அறைக்கு மாற்றிவிட்டார்கள். அவள் சண்டைக்கு வந்தாள்.

“எனக்கு எங்கண்ணா மூச்சு வாங்குது? மூணு மாடியும் ஓடித்தான ஏறறேன்.”

“இப்ப வாங்கல. பின்னாடி வாங்கும்.”

“ஜோசியம் பாக்க ஆரம்பிச்சுட்டியா?” என்று சிரித்தாள்.

உங்கள் கேள்வி புரிகிறது. அது ஆய்வின் அடிப்படையில் எடுத்த நடவடிக்கை அல்ல. ஆய்வுதான் முடியவில்லையே. அது வீட்டு விஷயம். தங்கைக்கு அண்ணன் செய்வது.

தங்கை போனதும் மேசையில் பசை பூசிக்கொண்டிருந்த ஒருத்தியை மேற்பார்வைக்கு உயர்த்தினார்கள். அந்த மேசையில் ஓர் இடம் காலியானது. கோழிகள் போய்விட்டதால் கோழிக்காரருக்கு வேலை குறைவு, ஓவர்டைம் இல்லை. ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“நடு ஃபேக்டரில பசை மேசைல ஒரு எடம் காலியாம் சார். சம்சாரம் வீட்ல சும்மாதான் இருக்கா. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா உடனே எடுத்துக்குவாங்க.”

எழுதிக் கொடுத்தேன். நான்கு வரி. நேர்மையான குடும்பம், கைவேலை சுத்தம் என்று எழுதினேன். இரண்டும் உண்மை. மூன்றாம் பாட்டிலில் என்ன இருந்தது என்று அவரிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சோதனை நிறுத்தப்பட்டதே தவிர முடிக்கப்படவில்லை. என்றைக்காவது தொடர்ந்தால் அவர்தான் மறுபடியும் கோழிகளைப் பார்க்க வேண்டும். முறையை மீறக் கூடாது. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் டாக்டரம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி பெரிய ஆய்வைத் தொடங்கினோம். ஆயிரத்து நானூறு பேர். கால் நரம்பைப் பரிசோதிக்கும் கருவி புதிதாக வாங்கினோம். அந்தச் சோதனைக்கு அமைதியான அறை வேண்டும். நடுத் தொழிற்சாலைக் கட்டிடத்தில் கீழே சாப்பாட்டுக்கூடத்தில் சத்தம். மூன்றாவது மாடிப் பயிற்சிக்கூடத்தில் சத்தமே இல்லை. மூன்றாவது மாடி என்று முடிவு செய்தேன். லிஃப்ட் சரக்குக்கு மட்டும். யார் யாரைச் சேர்ப்பது என்பதற்கும் ஒரு வரையறை வேண்டுமே: அன்றைய தேதியில் பணியில் இருப்பவர்கள். பசைப் பிரிவு மட்டும் என்றால் பாரபட்சம் ஆகிவிடும் என்று கணக்கர், டிரைவர், காவலாளி எல்லோரையும் சேர்த்தேன்.

மூன்று மாடி ஏறி வந்தவர்களின் கால்கள் நன்றாக இருந்தன.

டாக்டரம்மா அறிக்கையோடு என் அறைக்கு வந்தார். நோட்டும் கையில் இருந்தது.

“சார், என் முப்பத்தொரு பேர்ல நாலு பேருதான் இதுல இருக்காங்க.”

“மத்தவங்க வேலைய விட்டுட்டாங்களே, டாக்டர். பணியில இருக்கறவங்கதான நம்ம வரையறை.”

“ஏன் விட்டாங்கன்னு பாக்க வேண்டாமா?”

“கட்டாயம் பாக்கணும். ஆனா அது வேற கேள்வி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பினா ரெண்டும் கெட்டுப்போகும்.”

அவர் யோசித்தார். அவருக்கு முறையின் மேல் பக்தி. அதை அவருக்கு ஊட்டியதே நான்தான். கடைசியில், “சரிதான் சார்” என்றார். நான் அவருக்கு டீ வரவழைத்தேன். இந்த வியாதிக்குச் சத்துக்குறைவு காரணமாக இருக்குமா என்று நீங்களே ஒரு ஆய்வு செய்யுங்கள், மையம் எல்லா உதவியும் செய்யும் என்றேன். டிஸ்பென்சரியில் தலைவலி மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவருக்கு அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து நன்றி சொன்னார்.

அதன்பிறகு மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கும் கதவைத் திறந்து வைத்தேன். சர்க்கரை வியாதியைப் பற்றி ஒருவர், பரம்பரையைப் பற்றி ஒருவர், சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியைப் பற்றி ஒருவர், நாள் முழுக்கக் காலை மடக்கி உட்காருவதைப் பற்றி ஒருவர். துறையில் நாணயமானவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். நாணயம் இல்லாதவர்களால் எனக்குப் பயன் இல்லை. என்ன கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர்களாகத் தேடினார்கள், அவர்களாகக் கண்டுபிடித்தார்கள். எட்டாயிரம் பேரில் சர்க்கரை உள்ளவர்கள் இருக்கத்தானே செய்வார்கள்? சத்து குறைந்தவர்கள் எத்தனையோ பேர். எல்லாம் உண்மை. ஒரு கேள்விக்கு ஒரு பதில் இருந்தால் அதை வைத்து யாராவது ஏதாவது செய்வார்கள். ஐந்து பதில் இருந்தால் உட்கார்ந்து பேசுவார்கள். நாங்கள் வருஷத்துக்கு ஒரு மாநாடு நடத்தினோம். நன்றாகப் பேசினார்கள்.

மூன்றாவது வருஷம் கோழிக்காரர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஒண்ணு கேக்கணும் சார். தப்பா எடுத்துக்காதீங்க. சம்சாரம் துணிய அலசும்போது ஒரு வாசனை வருது. எங்கயோ பாத்த வாசனையா இருக்கேன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். மூணாம் ரூம் பாட்டில் சார் அது. அதுல என்ன சார் இருந்துச்சு?”

“ஏன் கேக்கறீங்க?”

“அவளுக்குக் கையிலருந்து டம்ளர் நழுவுது. இந்த மாசத்துல நாலு தடவை. வேலைய விட்டுரச் சொல்லட்டுமா?”

அறையில் நாங்கள் இருவர்தான். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல் போதும். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

“அந்தச் சோதனை இன்னும் முடியல. முடியாம பட்டியலைத் திறக்கக் கூடாது. வாசனைய வச்சு ஒரு முடிவுக்கு வர முடியாது. பெயின்டு, பாலிஷ், எல்லாம் ஒரே மாதிரிதான் வாசனை அடிக்கும். அவங்களுக்குச் சர்க்கரை இருக்கான்னு பாத்தீங்களா?”

“இல்ல சார்.”

“பாருங்க.”

“நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். அவர் முகம் தெளிந்துவிட்டது. உண்மையாகவே நிம்மதியோடு போனார். அந்த நிம்மதியை நான்தான் கொடுத்தேன் என்று அப்போது எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அவர் மனைவி மேலும் இரண்டு வருஷம் வேலை பார்த்தார்.

ஐந்தாவது வருஷம் ஆய்வின் இரண்டாம் சுற்று. அதே மூன்றாவது மாடி. இடத்தை மாற்றினால் முதல் சுற்றோடு ஒப்பிட முடியாது. பதினொரு மணிக்கு டீ குடிக்கக் கீழே இறங்கினேன். முதல் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தார். பிடித்திருந்தார் என்பதைவிடக் கையைக் கம்பியில் மாட்டியிருந்தார் என்று சொல்லலாம். கோழிக்காரரின் மனைவி. என்னை அடையாளம் தெரிந்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

“மேலதான் வரணுமாய்யா? கீழ எறக்கிப் பாக்க மாட்டாங்களா?”

“கருவி மேல இருக்கும்மா.”

“ஒரு மாடி வரைக்கும் போய்ட்டுத் திரும்பிட்டேன். நாலு பேரு அப்படித்தான் திரும்பிட்டாங்க. எங்க பேரை எழுதிக்கச் சொல்லுங்கய்யா, வந்தோம்னு.”

“சொல்றேன்” என்றேன்.

டீ குடித்துவிட்டு மேலே போனேன். மேசையில் இருந்தவர் பட்டியலைக் காட்டினார். அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று எழுதியிருந்தது. பரிசோதனை மேசைக்கு வராதவர் வராதவர்தான். நான் திருத்தவில்லை. அடுத்த மாதம் அவர் வேலையைவிட்டு நின்றார். மூன்றாம் சுற்றின் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

எட்டாவது வருஷம் நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சிலரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தொழிற்சாலை வக்கீல் ஒரு சாட்சியையும் கூப்பிடவில்லை. எங்கள் கட்டுரைகளை அடுக்கி வைத்தார். அதில் அவர் அதிகம் வாசித்தது டாக்டரம்மாவின் சத்துக்குறைவுக் கட்டுரையை. இவர் இந்தப் பெண்களுக்கே வைத்தியம் பார்த்தவர், இவர் சொல்வதையாவது நம்புங்கள் என்றார். வழக்கு தள்ளுபடி ஆனது. அறிவியல் உலகமே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை, நீதிமன்றம் எப்படி வர முடியும் என்று தீர்ப்பில் இருந்தது. நியாயமான வாக்கியம்.

டாக்டரம்மா நேரே என் அறைக்கு வந்தார். கோர்ட்டுக்குப் போட்டுப்போன நல்ல உடையில் இருந்தார்.

“நான் எழுதினதுல ஒரு வரி பொய் இல்ல சார்.”

“இல்லை, டாக்டர்.”

“சர்க்கரை பத்தி எழுதினவரும் பொய் எழுதல. தரையைப் பத்தி எழுதினவரும் பொய் எழுதல.”

“யாருமே எழுதல.”

“அப்புறம் எப்படி சார் எல்லாத்தையும் சேத்து வச்சா பொய்யா ஆச்சு?”

நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “நம்ம வேலை ஆய்வு செய்யறது. அதை யார் எப்படிப் பயன்படுத்தறாங்கங்கறது நம்ம கையில இல்ல” என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. “ஆறு வருஷம் சார். ஆறு வருஷம் ரத்தத்துல சத்து தேடினேன். அவளுங்க என் முன்னாடி உக்காந்து பசைன்னு சொன்னாளுங்க. நான்தான் பேச வேண்டாம், கைய நீட்டுன்னேன்.” அதைச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ராஜினாமா. எனக்கு வருத்தம்தான். அப்படி ஒரு கையெழுத்து இனிமேல் கிடைக்காது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தனியாக வைத்தியம் பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். வேலையிலிருந்து நின்றவர்களைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறார். நான் வரையறைக்கு வெளியே வைத்தவர்களை. வீடு வீடாக. மூன்று வருஷம் கழித்து, ஓய்வு பெற்ற கோழிக்காரர் தன் மனைவியை முதுகில் தூக்கிக்கொண்டு அங்கே போயிருக்கிறார். வியாதி வந்த கதையைக் கேட்கும்போது டாக்டரம்மா பசை வாசனையைப் பற்றிக் கேட்டாராம். கோழிக்காரர் மூன்றாம் அறையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த ஆறு கோழிகளும் எப்படி உட்கார்ந்திருந்தன என்று தரையில் உட்கார்ந்தே காட்டியிருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி அதே மாதிரி உட்கார்ந்திருந்தாராம். அப்போதுதான் கோழிக்காரருக்கே உறைத்ததாம்.

எனக்குப் பின் இயக்குநரானவர் என் மாணவி. டாக்டரம்மா அவரிடம் போய்க் கேட்டதும் அலமாரியைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உறையின் மேலிருந்த தேதியும், தங்கையை மாற்றச் சொல்லி நான் எழுதிய கடிதத்தின் தேதியும், கோழிக்காரர் மனைவிக்கு நான் கொடுத்த சிபாரிசின் தேதியும் பன்னிரண்டு நாளுக்குள் வருகின்றன. நீங்கள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்குக் காட்டினீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சாதாரணக் காகிதங்கள்.

இதெல்லாம் செய்தித்தாளில் வந்த அன்று தங்கை என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்றாள்.

“உனக்கு அப்பவே தெரியுமா?”

“உன்னை எடுத்துட்டேன் இல்ல?”

“நான் எந்திரிச்சதாலதான் அந்த மேசைல எடம் காலியாச்சு. அங்க போய் உக்காந்தவள நான் தினமும் பாத்தேண்ணா. வருகைப் பதிவுல அவளுக்குக் கையெழுத்துப் போட வராம, நான் விரலைப் பிடிச்சு ரேகை வச்சேன். ஏண்டி இப்படி ஆயிட்டன்னு நானே அவளைக் கேட்டேன். நீ எனக்காவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா நீ எல்லார்கிட்டயும் சொல்லியிருப்ப.”

“ஆமா” என்றாள். “சொல்லியிருப்பேன்.”

அதற்குப் பிறகு அவள் என் ஃபோனை எடுப்பதில்லை. உயிரோடும் நல்ல காலோடும் இருக்கிறாள். அதை அவள் ஒரு நாள் நினைத்துப் பார்ப்பாள்.

இப்போது மூன்று தொழிற்சாலைகளும் பழைய பசைக்குத் திரும்பிவிட்டன. இருபது நிமிஷம் காய்கிறது. ஒருவரும் கடையை மூடவில்லை. செயலாளர் வெளிநாட்டில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். டாக்டரம்மாவின் புதுப் பட்டியலில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர். அதில் காலில் பலம் திரும்பாதவர்கள் அறுநூறுக்கு மேல். பழைய முப்பத்தொரு பேரோடு நின்றிருக்கலாம் என்கிறீர்கள். ஆமாம், நின்றிருக்கலாம். அந்த முதல் வருஷம் நான் கோழி அறையிலிருந்து திரும்பி வந்து ஃபோனை எடுத்திருந்தால் நின்றிருக்கும். எடுக்கவில்லை. பசை அவர்கள் நரம்பைத் தின்கிறது என்று எனக்குத் தெரியும். சந்தேகம் என்று ஒரு நாள்கூட இருந்ததில்லை. சந்தேகம் மற்றவர்களுக்கு. அதைத்தான் நான் பதினொரு வருஷம் உற்பத்தி செய்தேன், அதில் கலப்படம் இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

தூக்கம் வருகிறதா என்று முந்தாநாள் கேட்டீர்கள். வருகிறது.

சரி, வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து வாசித்துக் காட்டினீர்கள். ஒழுங்காக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு இடம். “புதிய தின்னரின் கேடு முதல் வருஷத்திலேயே தெரிந்திருந்தும், தெரிந்தே மறைத்தார்” என்று போட்டிருக்கிறீர்கள். ‘தெரிந்தே’ இருக்கட்டும், அதற்கு நான் ஆட்சேபிக்கவில்லை. ‘மறைத்தார்’ என்பதை மட்டும் அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் எதையும் மறைக்கவில்லை, அம்மா. அத்தனை வருஷமும் எல்லோரையும் தேடவைத்துக்கொண்டுதான் இருந்தேன்.